சனிக்கிழமைச் சோதனை ஓட்டம்

கார் வாங்குவது என்று கோகிலவாணி முடிவெடுத்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. எந்தக் கார் என்பதுதான் முடிவாகவில்லை.

வீடு வடவள்ளியில். வேலை சின்னியம்பாளையம் தாண்டி, மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில். தரக்கட்டுப்பாட்டுக்கு அவள்தான் தலைமை. தினமும் கோயம்புத்தூரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கடந்தாக வேண்டும். கணவர் தண்டபாணி இருந்தவரை அவர் ஓட்டுவார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். கம்பெனி வாசலில் இவளை இறக்கிவிட்டுவிட்டு அவர் தன் கடைக்குப் போவார்.

ஒரு நாள் கடையிலேயே நெஞ்சு வலித்து அவர் போய்ச் சேர்ந்தார். மூன்று வருடமாகிறது. ஓட்டத் தெரிந்திருந்தும் அந்தக் காரை விற்றுவிட்டாள். அதன்பிறகு வாடகைக் கார்தான். வருகிறேன் என்பார்கள், பாதி நாள் வர மாட்டார்கள். வந்தாலும் பின்சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுபவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டே ஊரைக் கடக்க வேண்டும்.

மருதமலை போகும் வழியில் தகரக் கூரை போட்ட ஒரு கூடம் உண்டு. ஞாயிறு காலையில் அங்கே இருபது பேர் போலக் கூடிப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எழும்போது யாருக்காவது கேள்வி இருந்தால் திருமூர்த்தி பதில் சொல்வார். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்து அதை விட்டுவிட்டு வந்தவர். கோகிலவாணியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். வயதில் மூத்த சீடர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரை ஐயா என்பார்கள்.

மற்றவர்கள் கோபத்தைப் பற்றிக் கேட்பார்கள், பயத்தைப் பற்றிக் கேட்பார்கள், கடவுளைப் பற்றிக் கேட்பார்கள். கோகிலவாணி ஒன்றும் கேட்டதில்லை. வருவாள், சுவரோரம் உட்காருவாள், போய்விடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வாயைத் திறந்தாள்.

“ஐயா, டவுனுக்குள்ள தினமும் ஓட்டறதுக்குச் சின்ன எஸ்.யு.வி.யில எதுங்க நல்லது?”

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். திருமூர்த்தி சிரிக்கவில்லை. இதுவரை எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். ஒன்று உயரமாக இருக்கிறது, வேகத்தடையில் அடிபடாது, மழைக்குச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலும் பயமில்லை. ஆனால் தெருவில் திருப்ப இடம் போதாது. இன்னொன்று கியர் மாற்றும் வேலையில்லாதது, நெரிசலில் கால் வலிக்காது, ஆனால் பெட்ரோல் குடிக்கும். வேறொன்றில் சீட் நன்றாக இருக்கிறது, பின்கண்ணாடிதான் சின்னது. சொல்லிக்கொண்டே போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். அவள் இத்தனை பேசுவாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

“இவ்வளவு தெரிஞ்சும் ஏனுங்க்கா இன்னும் எடுக்கலை?”

“அதுதானுங்க தெரியலை.”

அடுத்து எப்போது பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். சனிக்கிழமை என்றாள். தானும் வருவதாகச் சொன்னார்.

அவினாசி ரோட்டிலிருந்த அந்த ஷோரூமில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. காவலாளி வணக்கம் வைத்தார். கேட்காமலேயே சர்க்கரை போடாத டீ வந்தது. ஜெசிந்தா என்ற விற்பனைப் பெண் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கூட வந்தவரைத் தம்பியா என்று விசாரித்தாள். திருமூர்த்தி ஆமாம் என்றார்.

“சார் இன்னைக்கும் வரலீங்களா மேடம்?”

“அவருக்குக் கடையில வேலை. அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வர்றேன். அவர் பார்க்காம எப்படி முடிவு பண்றது?” என்றாள் கோகிலவாணி.

தடுமாற்றமில்லாமல் வந்தது அந்தப் பதில். திருமூர்த்தி அங்கே நிறுத்தியிருந்த காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வண்டியை எடுத்தார்கள். கோகிலவாணி ஓட்ட, ஜெசிந்தா பக்கத்தில், அவர் பின்னால். ஜெசிந்தா கேமராவைக் காட்டினாள், மேற்கூரை திறப்பதைக் காட்டினாள். போன வாரமும் அதையேதான் காட்டியிருப்பாள் போலிருந்தது. கோகிலவாணி அதையெல்லாம் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டாள். நடுநடுவே ஜெசிந்தாவின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மகள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாளா என்று விசாரித்தாள். தன் கம்பெனியில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிச் சிரித்தாள். விமான நிலையம் பக்கம் போய்த் திரும்பும்போது, இன்னொரு சுற்று போகலாமா என்று கேட்டாள். போகலாம் மேடம் என்றாள் ஜெசிந்தா. எப்போதும் அப்படித்தான் போலும்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் திருமூர்த்தி ஜெசிந்தாவிடம், தாங்கள் இருவர் மட்டும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஆள் இல்லாமல் வண்டி தருவது வழக்கமில்லை. ஜெசிந்தா கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தாள். மேடத்துக்கு இல்லாததா, சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று சொல்லி இறங்கிக்கொண்டாள்.

கோகிலவாணி அவரை முன்னால் வரச் சொன்னாள். அவர் வரவில்லை.

“நான் இங்கயே இருக்கறேனுங்க்கா. நீங்க ஆபீசுக்குப் போற மாதிரி ஓட்டுங்க.”

அவள் ஓட்டினாள். அவர் பேசவில்லை. ஏ.சி.யின் இரைச்சல் இப்போதுதான் காதில் விழுந்தது. மேம்பாலத் தூண்களுக்குக் கீழே வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஊர்ந்தன. ஒரு சிக்னலில், வண்டி நன்றாக இழுக்கிறது இல்லையா என்று சொல்லப்போய் இடது பக்கம் திரும்பினாள். சீட்டின் தலைப்பகுதி மட்டும் இருந்தது. சொல்ல வந்ததை முடிக்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவள் இடது கை தானாக எழுந்தது. ஏ.சி. காற்று வரும் வாயை அந்தப் பக்கமாகத் திருப்பியது. யாருமில்லாத சீட்டின் மேல் காற்று போய் விழுந்தது. தண்டபாணி தினமும் வண்டியை எடுத்ததும் செய்கிற காரியம் அது. பார்க்காமலே செய்வார். அவளுக்கு வெக்கை ஆகாது.

கோகிலவாணி வண்டியை ஓரங்கட்டினாள்.

திருமூர்த்தி முன்னால் சாய்ந்து கேட்டார். “அது அவர் உட்கார்ற இடமுங்களா?”

“இல்லீங்க ஐயா. அவர் இங்க உட்காருவார்.” ஸ்டியரிங்கைத் தொட்டாள். “அது என்னோட இடம்.”

ஒரு பஸ் ஹாரனை அடித்துக்கொண்டே அவர்களைக் கடந்து போனது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, வழக்கமாகக் கார்களைப் பற்றிப் பேசும் அந்தக் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

“இந்த வண்டி எனக்குப் பெருசுங்க ஐயா. ஒரு ஆளுக்கு எதுக்கு இத்தனை? சின்னக் காரா ஒண்ணு பார்க்கட்டுங்களா?”

“சின்னக் கார்லயும் அந்த சீட் இருக்குமுங்களேக்கா.”

அவள் இண்டிகேட்டரைப் போட்டாள். வண்டியைத் திருப்பினாள்.

ஷோரூம் வாசலில் ஜெசிந்தா நின்றுகொண்டிருந்தாள். கோகிலவாணி இறங்கிப் போய், யாரும் கேட்பதற்கு முன் சொன்னாள்.

“சார் வர மாட்டார் ஜெசிந்தா. அவர் தவறி மூணு வருஷம் ஆச்சு.”

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். “தெரியுங்க மேடம். வண்டி ஓட்டிட்டு இறங்கினதும் எல்லாரும் வீட்டுக்காரருக்கு ஃபோன் பண்ணி எப்படி இருக்குன்னு சொல்லுவாங்க. நீங்க ஒரு தடவைகூடப் பண்ணதில்லை.”

“அப்புறம் ஏன் வாராவாரம் கேட்ட?”

“கேக்காம விட்டா, நீங்க அடுத்த வாரம் வர மாட்டீங்களோன்னு இருந்துச்சு மேடம்.”

கோகிலவாணி அன்றைக்கே பதிவு செய்தாள். அப்போது ஓட்டி வந்ததையேதான், கியர் இல்லாதது, சாம்பல் நிறம். யோசிக்கப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. சாவி வாங்கிய அன்று ஜெசிந்தா காரின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். பழத்தின்மேல் வண்டி ஏறியதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் நீண்டு கிடந்தன. வண்டியில் ஒரு குறையும் இல்லை. உயரமாக உட்கார்ந்து ஓட்டினாள், மழையில் ஓட்டினாள், லாலி ரோட்டு நெரிசலில் கால் வலிக்காமல் நின்றாள். பாட்டு வைத்துப் பார்த்தாள். இரண்டு பாட்டுக்குமேல் கேட்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் கூடத்தில் இருந்தாள். திருமூர்த்தி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றாள். ஒரு பாயை எடுத்துத் தானும் சுருட்டத் தொடங்கினாள்.

“முதல்ல கண்ணு அந்த சீட்டுக்கே போயிட்டிருந்ததுங்க ஐயா. அதனால என் ஆபீஸ் பையைத் தூக்கி அதுல வெச்சேன். கனமான பை. ஆள் உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டு, பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்துது. வழி நெடுக விடாம கத்துச்சு.”

“என்ன பண்ணுனீங்க?”

“பைக்கு பெல்ட்டை மாட்டி விட்டுட்டேன். இப்ப தினமும் அப்படித்தானுங்க போறேன். வண்டி சத்தம் போடறதில்லை. எனக்கும் தேவலைங்க.”

திருமூர்த்தி பாயைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“நாளைக்குப் பையை எடுத்துப் பின்னாடி வெச்சுருங்க்கா.”

“அப்புறம் அந்த இடம் காலியா இருக்குமுங்களே ஐயா.”

“இருக்கட்டுங்க்கா.”