அடியில் படுத்த ஸ்டெப்னி

போடிக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற மண்பாதையில் ஒரு ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் வனராசு. பக்கத்தில் உட்கார்ந்து பாதையைத் திட்டிக்கொண்டே வருகிறவள் அவன் பெண்டாட்டி பவுன்தாயி.

அந்த ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் ஒரு ஜாக்கி குடியிருந்தது. ஆள் ஒரு சாண் உயரம். பேச்சு மட்டும் மலை உயரம்.

"இந்த வண்டியையே தூக்குறவன் நான்டா! நான் இல்லேன்னா வனராசண்ணன் நடுக்காட்டுலதான் கிடக்கணும்" என்று ஸ்பேனர்களிடம் அளந்துகொண்டே இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, வனராசு மேல் அதற்கு உசிரு. துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிற கை அல்லவா?

அதற்கு ஆகாத ஆள் ஸ்டெப்னிதான். தேய்ந்து வழுக்கையாகிப்போன பழைய டயர். வண்டியின் முதுகில் தொற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதே அதன் பிழைப்பு.

"என்ன ஓய், இன்னிக்கும் ஓசிச் சவாரிதானா?" என்று ஜாக்கி வம்புக்கு இழுக்கும்.

"ஆமா மாப்ளே. ஓசியில போயி ஓசியிலயே வீடு திரும்பிட்டா நல்லதுதானே?" என்று ஸ்டெப்னி சிரிக்கும்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், ஏலக்காய் மூட்டைகளோடு மலையிறங்கும்போது பின்பக்கம் 'மடார்' என்றது. சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்காக இருக்கிற வில்லுப் பட்டையைப் பிடித்திருக்கிற போல்ட் தளர்ந்துவிட்டது. சக்கரத்தைக் கழற்றி, அடியில் நுழைந்துதான் முடுக்க வேண்டும்.

ஜாக்கிக்கு அடியில் போட ஒரு பலகை உண்டு. ஆள் கூடிப்போனால் அதையே குறுக்கே போட்டு உட்கார வைப்பது வனராசுவின் வழக்கம். முந்தின நாள் டீக்கடையில் இறங்கினவர்கள் அதையும் இறக்கி, ஆற அமர உட்கார்ந்து டீ குடித்தார்கள். திரும்ப ஏற்ற யாருக்கும் ஞாபகமில்லை. வனராசு ஒரு தட்டைக் கல்லை எடுத்துப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினான்.

"பலகையாவது ஒண்ணாவது! இரும்புக்குக் கல்லுதான் ஜோடி" என்று ஜாக்கி குதூகலமாய் எழும்பியது.

மற்ற சக்கரங்களுக்கு முட்டுக்கல் கொடுத்துவிட்டு வந்தாள் பவுன்தாயி. "கழட்டின டயரைப் படுக்கப் போட்டு, அதுக்கு மேல ஸ்டெப்னியையும் வச்சு, வண்டிக்கு அடியில தள்ளுய்யா."

"ஒரு நிமிச வேலைடி."

"எமனுக்கும் அந்த ஒரு நிமிசம் போதும். தள்ளு."

வனராசு தள்ளினான். தன்னை நம்பவில்லையே என்று ஜாக்கிக்குச் சுருக்கென்றது. அந்த ஆத்திரத்தை ஸ்டெப்னியிடம் காட்டியது. "நான் மூச்சைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். நீ நிழல்ல படுத்துத் தூங்குறியா?"

"தூங்க விடு மாப்ளே. நான் முழிச்சா நல்லதில்ல."

வனராசு அடியில் புகுந்தான். துருப்பிடித்த நட்டு, பல்லைக் கடித்து ஓர் இழுப்பு இழுத்தான். வண்டி குலுங்கியது. ஈரக் கல்லின்மேல் ஜாக்கியின் கால் வழுக்கியது. "ஐயோ, அண்ணே!" என்று அது கத்தினது எந்தக் காதில் விழும்? ஜீப் தடாலென்று இறங்கியது.

சேற்றில் குப்புறக் கிடந்தது ஜாக்கி. ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் இல்லை. பாவி, என்னைத் துடைத்த கையை நானே நசுக்கிவிட்டேனே என்று அதற்கு நெஞ்சே வெடித்துவிடும்போல் இருந்தது.

அப்புறம் அடியிலிருந்து ஒரு தும்மல். "ஏ பவுனு... மூக்கெல்லாம் மண்ணுடி!"

பவுன்தாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மண்ணைத் தின்னுக்கிட்டே வெளிய வாய்யா" என்று திட்டிக்கொண்டே அழுதாள்.

ஜீப்பின் பாரம் முழுக்க அந்த வழுக்கை டயரின்மேல் இருந்தது.

"மாமா!" என்றது ஜாக்கி. அது அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ரொம்ப வலிக்குதா மாமா?"

"வலிக்கத்தான் செய்யுது. நீ எந்திரி. மறுபடி நீதானே தூக்கணும்."

"எனக்குப் பயமா இருக்கு மாமா."

"பயந்துக்கிட்டே தூக்கு மாப்ளே. அடியில கிடக்கிறவங்களுக்கு அதுதான் நல்லது."

மூட்டைகளை இறக்கினார்கள். மண்ணைச் சமப்படுத்தி, பின்சீட்டுப் பலகையைப் பெயர்த்துப் போட்டார்கள். ஜாக்கி வாயே திறக்காமல், மெள்ள மெள்ள எழும்பியது.

அதற்குப் பிறகு அந்த மலையில் எங்கே வண்டி பழுதாகி நின்றாலும் இதே கூத்துதான். வனராசு ஜாக்கியில் கம்பியைச் செருகி அடி அடி என்று அடிப்பான், ஜாக்கி அசையாது. "ஆயில் போயிருச்சா, என்ன எழவு?" என்று அவன் தலையைச் சொறிவான். பவுன்தாயி ஸ்டெப்னியை உருட்டி வந்து அடியில் தள்ளுவாள்.

ஜாக்கி அப்போதுதான் வாயைத் திறக்கும்.

"மாமா, படுத்துட்டீங்களா?"