வாய் திறக்காத காவல்

ஒரு காட்டில், கணினி இல்லாத வளையே இல்லை என்று ஆகிவிட்ட காலத்தில், ஒரு முள்ளம்பன்றியார் குடியிருந்தார். உடம்பெல்லாம் ஈட்டி, உள்ளமெல்லாம் நடுக்கம். புலியே அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகும். அவரோ சருகு விழுந்தாலும் வளைக்குள் ஓடி ஒளிவார்.

அவருடைய கணினியில் ஒரு பொக்கிஷம் இருந்தது, குழந்தைகளே. அவருடைய பிள்ளைகள் பிறந்தபோது எடுத்த படங்கள்! அப்போது அவர்களுடைய முட்கள் மெத்தென்று இருந்தன. அம்மா அள்ளி மடியில் போட்டுக் கொஞ்சுவாள். இப்போது கிட்டே போனாலே குத்தும். அந்த நாட்களைப் பார்க்க வேண்டுமென்றால் கணினியைத்தான் திறக்க வேண்டும்.

"வைரஸ் வந்து படத்தையெல்லாம் அழிச்சிட்டா என்ன பண்றது?" என்று ஒருநாள் அவருக்குக் கிலி பிடித்தது.

"கணினியோடவே ஒரு காவல் வந்திருக்குங்களே, அது பார்த்துக்கும்" என்றாள் மனைவி. "வேணும்னா படங்களை இன்னொரு இடத்துலயும் போட்டு வைங்க."

"அதுவா? சும்மா வந்தது அது! என்னிக்காவது வாயைத் திறந்திருக்கா? காவல்னா ஊரே கேட்கிற மாதிரி குரைக்க வேண்டாமா?"

நகல் எடுக்கும் வேலையை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவிட்டு, காட்டு வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்: "என் பிள்ளைகளின் படங்களைக் காக்க நல்ல வைரஸ் தடுப்பு எது?"

குரங்கு ஒரு பெயரைச் சொன்னது. கிளி அதையே திருப்பிச் சொன்னது. கரடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. மூவரில் ஒருவரும் அதைத் தம் கணினியில் வைத்துப் பார்த்ததில்லை.

அந்தக் குழுவில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தவர் நரியார்.

சற்று நேரத்தில் முள்ளம்பன்றியாரின் திரை சிவந்தது. சங்கு அலறியது. "ஆபத்து! உங்கள் கணினியில் வைரஸ் கூட்டம்! உடனே அழையுங்கள்!" என்று ஓர் எண் மின்னியது.

"ஆகா, இதல்லவா காவல்!" என்று சிலிர்த்துப்போய் அழைத்தார். எடுத்தது நரியார்தான்.

"பதறாதீங்க சார். நான் அனுப்புறதை நிறுவினா போதும், படமெல்லாம் பத்திரம். ஆனா ஒண்ணு, உங்க பழைய காவல் குறுக்கே நிக்கும்."

"ஏன் சார்?"

"பொறாமைதான்! தன் வேலை போயிடுமேங்கிற வயித்தெரிச்சல். கண்டுக்காதீங்க."

முள்ளம்பன்றியார் பொத்தானைத் தட்டினார். என்றுமே பேசாத பழைய காவல் அன்று வாய் திறந்தது. "இது ஆபத்தானது. அனுமதிக்க வேண்டாம்" என்று திரையில் எழுதியது.

"பார்த்தியா! சொன்ன மாதிரியே பொறாமைப்படுது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத்தனை நாள் பேசாதது இன்னிக்குப் பேசுதுன்னா காரணம் இருக்காதா? கொஞ்சம் நில்லுங்க" என்று மனைவி கெஞ்சினாள்.

"உனக்குக் கணினியைப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லி, பழைய காவலைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு, நரியார் அனுப்பியதை நிறுவினார் அந்த மேதாவி.

அவ்வளவுதான். பிள்ளைகளின் படங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. திரையில் ஒரு செய்தி வந்தது: "வளையில் உள்ள கிழங்கு அத்தனையையும் ஆற்றோரப் புதரில் வை. படங்களைத் திறந்துவிடுகிறேன்."

கோடைக்கென்று குடும்பமே தோண்டிச் சேர்த்த கிழங்கு அது. அழுதுகொண்டே சுமந்துபோய் வைத்தார். கிழங்கு மறைந்தது. படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நரியாரும் அதன்பிறகு அழைப்பை எடுக்கவில்லை.

நடந்ததைக் குழுவில் சொன்னார். "நான் அப்பவே நினைச்சேன்" என்றது குரங்கு. கிளியும் அதையே சொன்னது. கரடி மறுபடியும் கட்டைவிரலைத் தூக்கியது.

அப்போது கடைக்குட்டி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அப்பா, நான் பிறந்தப்போ மெத்துனு இருந்தேன்னு அம்மா சொல்றாங்களே, அந்தப் படத்தைக் காட்டுங்க."

முள்ளம்பன்றியாரின் முட்கள் அத்தனையும் குத்திட்டு நின்றன. ஆனால் குத்துவதற்குத்தான் எதிரே யாரும் இல்லை.

நீதி: பயமுறுத்துகிறவனிடமே பாதுகாப்பைத் தேடாதே, உன்னைக் காப்பவன் "வேண்டாம்" என்றால் நின்று கேள்.