கரடி விதைத்த கரி

குண்டப்பன் என்ற கரடிக்குத் தெரிந்த உலகம் ஒன்றுதான்: எடுத்தால் மறுபடி வரும். தேனை எடுத்தால் தேனீ மறுபடி சேர்க்கும். புற்றைக் கலைத்தால் கறையான் மறுபடி கட்டும். ஆகவே எதையும் மிச்சம் வைக்கும் பழக்கமே அதற்குக் கிடையாது.

ஓர் அடைமழையில் இடி விழுந்து, அதன் குகைச் சுவரிலிருந்த கறுப்புக் கல் தீப்பிடித்தது. அது நிலக்கரி. பக்கத்து வளை முள்ளம்பன்றி முள்ளாயி வந்து பார்த்தது. நாளுக்கு இரண்டு கட்டி எரித்தால் குளிர்காலம் முழுக்க வரும், தனக்குப் பிள்ளை பிறக்கும் நேரம், கொஞ்சம் பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்று கெஞ்சியது.

குண்டப்பன் எங்கே கேட்டது! வயிறு காய ஒரு தீ, முதுகு காய இன்னொரு தீ மூட்டியது. திரும்பி உட்கார அவ்வளவு சோம்பல்!

பத்தே நாளில் சுவர் காலி. மிஞ்சியது ஒரே கட்டி. அன்றைக்குப் பார்த்து முள்ளாயிக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. அவை குளிரில் வெடவெடத்தன. முள்ளாயி அந்தக் கடைசிக் கட்டியைக் கேட்டு ஓடி வந்தது.

"கவலைப்படாதே தங்கச்சி, அதை விதைச்சுத் தண்ணியும் ஊத்திட்டேன்," என்றது குண்டப்பன் பெருமையாக. "பார், முளையே விட்டிருக்கு!"

முள்ளாயி குனிந்து பார்த்தது. முளைத்திருந்தது நாயுருவி.

"அட அண்ணே, இது விதையில்லை. நம்ம பாட்டன் பூட்டனுக்கெல்லாம் முந்தி இருந்த காடு, மண்ணுக்குள்ள புதைஞ்சு கரியாச்சு. இன்னொரு தடவை வேணும்னா, இந்த மலை தேயற வரைக்கும் காத்திருக்கணும்."

"மத்தியானத்துக்குள்ள தேஞ்சிடுமா?" என்று கேட்டது குண்டப்பன்.

அதற்குள் குட்டிகளின் முனகல் அடங்கிவிட்டது. குண்டப்பன் பறந்து பறந்து கரியைத் தோண்டி எடுத்தது. தண்ணீரில் ஊறிய கரி பற்றவே இல்லை. கடைசித் தணலும் அவிந்தது.

வேறு வழி? குண்டப்பன் மல்லாந்து படுத்து, முள்ளாயி வளையிலிருந்து தூக்கி வந்த குட்டிகளைத் தன் வயிற்று மயிருக்குள் பொதிந்துகொண்டது. சற்று நேரத்தில் இரண்டும் மெல்லக் கீச்சிட்டன. முள்ளாயி அழுதேவிட்டது.

ஆனால் பிறந்த குட்டியின் பூப்போன்ற முள் சீக்கிரமே கெட்டியாகிவிடுமே! குளிர் விடும்வரை குண்டப்பன் அசையவில்லை, தும்மவில்லை, மூச்சைக்கூடப் பாதிதான் விட்டது.

பூமி யுகயுகமாய்ச் சேர்த்ததைப் பத்து நாளில் எரித்துத் தீர்ப்பவர், பிறகு முள்ளைக் கட்டிக்கொண்டுதான் குளிர்காய வேண்டும்.