ஆள்காட்டிக் குஞ்சின் அடம்

வறண்ட ஏரித் தரையில் ஓர் ஆள்காட்டிப் பறவை மூன்று குஞ்சுகளோடு வாழ்ந்தது. அதன் பெயர் செம்மூக்கி. நாய் வந்தாலும் கத்தும், மாடு வந்தாலும் கத்தும், மேகத்தின் நிழல் நகர்ந்தாலும் கத்தும். ஏரி முழுக்கக் கேட்கும் குரல். அதில் அதற்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெரிய குஞ்சுகள் இரண்டும் கூப்பிட்டால் ஓடிவரும். கடைக்குட்டி பொட்டு மட்டும் வராது. அம்மா கத்தினால் போதும், இருந்த இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். கூழாங்கல் எது, குஞ்சு எது என்று தெரியாது. இன்னும் உரக்கக் கத்தினால் இன்னும் அழுந்திப் படுக்கும்.

“சரியான அடம்” என்று செம்மூக்கி எல்லோரிடமும் புலம்பியது. தலையில் நாலு கொத்து கொத்தினால் சரியாகிவிடும் என்றது கொக்கு. கொக்கு தன் குஞ்சுகளை எப்படி வளர்த்தது என்று யாரும் பார்த்ததில்லை. யோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. செம்மூக்கியும் கொத்திப் பார்த்தது. அதன்பிறகு பொட்டு, அம்மா வாயைத் திறக்கும்போதே படுக்கத் தொடங்கியது.

பக்கத்து வெடிப்பில் ஓர் அரணை இருந்தது. அரணையின் மறதி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை அதற்கு எக்கச்சக்கம். கேட்கும், பதிலை மறக்கும், மறுபடி கேட்கும்.

“அக்கா, இந்தப் பிள்ளை ஏன் படுத்துக்குது?”

“அடம்.”

சற்று நேரத்தில் மறுபடி அதே கேள்வி. செம்மூக்கி பல்லைக் கடிக்காத குறைதான். மூன்றாம் முறை கேள்வி கொஞ்சம் மாறியது. பழையது மறந்துபோனதோ என்னவோ.

“அக்கா, இது எப்பப் படுக்குது?”

செம்மூக்கி யோசித்தது. “நான் கத்தும்போது.”

“கத்தினா படுக்கணும்னு யாரு சொல்லிக்கொடுத்தா?”

“நான்தான். போன வாரம் பருந்து வந்தப்ப கத்தினேன், மூணும் படுத்துக்கிச்சு. பருந்தோட நகம் பொட்டு முதுகை உரசிட்டுப் போச்சு...” செம்மூக்கி பொட்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது. மேற்கே பெய்த மழை. நுரையோடு ஏரிக்குள் பரவியது. செம்மூக்கி பழக்க தோஷத்தில் அலறியது. பெரிய குஞ்சுகள் கரைக்கு ஓடின, அரணையும் ஓடியது. பள்ளத்தில் மேய்ந்துகொண்டிருந்த பொட்டு படுத்துக்கொண்டது.

தண்ணீர் அதன் வயிற்றைத் தொட்டது. அசையவில்லை. இறக்கை நனைந்தது. அசையவில்லை.

செம்மூக்கி இன்னொரு முறை கத்த வாயைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. பாவம், ஓர் ஆள்காட்டிக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை. தண்ணீருக்குள் நடந்துபோய், குஞ்சின் பக்கத்தில் தானும் படுத்தது. “அம்மா வந்துட்டேன் கண்ணு” என்றது, மெதுவாக.

பொட்டு கண்ணைத் திறக்காமலே கேட்டது: “பருந்து போயிடுச்சாம்மா?”

செம்மூக்கிக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை பருந்துக்குப் பயந்துதான் படுத்துக் கிடந்திருக்கிறது. தலையில் கொத்து வாங்கியபோதும்.

“போயிடுச்சு. வா, என்கூட ஒட்டிக்கிட்டே நட.”

பொட்டு எழுந்தது. இரண்டும் நனைந்த இறக்கையோடு கரையேறிவிட்டன.

கரையில் அரணை காத்திருந்தது. “அக்கா, இந்தப் பிள்ளை ஏன் படுத்துக்குது?”

“பயம்” என்றது செம்மூக்கி. “மறந்துபோனா திரும்பக் கேளு. எனக்கும் மறக்காம இருக்கும்.”

பிள்ளை செய்வதை அடம் என்று முடிவுகட்டும் முன், அது எப்போது, எதனால் அப்படிச் செய்கிறது என்று பொறுமையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.