ஆறு நாள் ஆட்டம்

செம்பியூர் அரசர் மகிழவர்மருக்குப் பலகை ஆட்டம் என்றால் உயிர். அதிலும் மூவர் ஆடும் முக்கோட்டை ஆட்டம் என்றால் சோறு தண்ணீர்கூட வேண்டாம். ஒருநாள் மந்திரியையும் சேனாதிபதியையும் எதிரே உட்காரவைத்து, "யாராவது ஜெயிக்கும்வரை இந்த இடத்தைவிட்டு எழமாட்டேன்!" என்று சபதம் போட்டார்.

ஆறு நாள் ஆகியும் ஆட்டம் முடியவில்லை. இருவர் மோதினால் இருவர் படையும் இளைத்துப்போகும். சும்மா இருந்த மூன்றாமவர் ஜெயித்துவிடுவார். ஆகவே மூவருமே சும்மா இருந்தார்கள். குதிரையை ஒரு கட்டம் முன்னே வைப்பதும், அடுத்த முறை பின்னே இழுப்பதுமாக வீரம் பொங்கி வழிந்தது.

வெளியே பயிர் கருகியது. அரசர் கைபட்டுத்தான் ஏரி மடை திறக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். காத்தாயி என்ற குடியானவப் பெண் வாடிய நெற்பயிரைக் கையில் பிடித்தபடி அவைப் புலவர் மாசிலாமணியிடம் வந்து அழுதாள்.

"இன்னும் ரெண்டு நாள் போனா வைக்கோல்கூட மிஞ்சாதுங்க, சாமி."

மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. நேரே உள்ளே போனார்.

"மகாராஜா, பாம்புமலைக் கோட்டைக்குத் தலைவர் இல்லை. இதுவரை போன மூவரும் காட்டுக்காய்ச்சலோடு திரும்பிவிட்டார்கள். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவரைவிடக் கெட்டிக்காரர் நாட்டில் யார்? அவரையே மூன்று வருஷத்துக்கு அனுப்பிவிடலாமே!"

"பலே! அப்படியே ஆகட்டும்!" என்றார் அரசர். தானே ஜெயித்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. ஆறு நாளாக ஜெயிக்கிற நினைப்பே வராதவருக்கு அன்று மட்டும் எப்படி வரும்?

மற்ற இருவருக்கும் ஜெயித்துத் தொலைப்போமோ என்ற பயம் உடனே வந்தது. சேனாதிபதி தன் யானையைக் கொண்டுபோய் அரசரின் குதிரைக்கு எதிரே நிறுத்தினார். அதைப் பார்த்த மந்திரி பதறிப்போய், தன் கோட்டைக் காவலர்களை மொத்தமாக வெளியே அனுப்பினார். "வெட்டுங்கள் மகாராஜா!" என்று இவர் கெஞ்ச, "முதலில் என்னை வெட்டுங்கள்!" என்று அவர் மன்றாட, அரை நாழிகையில் பலகையில் அரசர் படை மட்டுமே நின்றது.

அரசர் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார். மாசிலாமணி அவரை விடாமல் ஏரிக்கரைக்கே அழைத்துப் போனார்; மந்திரியும் சேனாதிபதியும் பின்னாலேயே வந்தார்கள். மடை திறந்தது. தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்துக் காத்தாயி மறுபடியும் அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில்.

அப்போதுதான் அரசருக்குச் சுருக்கென்றது. "ஐயோ, ஜெயித்தது நான்தானே! பாம்புமலைக்கு நானா போவது?"

"தாங்கள் எதற்கு, மகாராஜா? தங்களுக்காக மொத்தப் படையையும் தியாகம் செய்த இரண்டு பேர் பின்னால் நிற்கிறார்களே!"

அரசர் திரும்பிப் பார்த்தார். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை. விஷயம் புரிந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன பரிசு வேண்டும், கேளும் புலவரே!"

"அந்த ஆட்டப் பலகையைக் கொடுத்துவிடுங்கள்."

"உமக்குத்தான் ஆடவே தெரியாதே! பலகை எதற்கு?"

"அடுத்த போகத்துக்கும் தண்ணீர் வேண்டுமே, மகாராஜா!"