கையேட்டின் இரண்டு வரிகள்

எங்கள் மென்பொருள் குழுவின் கூட்டத்தில் அன்று எழுந்த சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாங்கள் உருவாக்கியது யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய மென்பொருள். அதன் கையேட்டில் இரண்டு வரிகளை இடம் மாற்றச் சொல்லியிருந்தாள் குழுவில் இருந்த செண்பகவல்லி.

“வரியை நகர்த்துறதெல்லாம் ஒரு வேலையாம்மா? எழுதினவன் நான். தப்பில்லைன்னு ஒத்துக்கோ, இல்ல குழுவை விட்டுக் கிளம்பு” என்றார் குழுத் தலைவர் கோதண்டம். எல்லோரும் சிரித்தார்கள்.

“கிளம்பறேன் சார். அதுக்கு முன்னாடி உங்க மடிக்கணினியில எழுதினபடியே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க.”

அவர் மிடுக்காகத் தட்டத் தொடங்கினார். ‘பழைய கோப்புகளை அழிக்கவும்’ என்ற வரி வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது.

“அழுத்துங்க சார். நகல் எடுக்கச் சொல்லி அடுத்த வரியிலேயே எழுதியிருக்கீங்களே!”

கோதண்டம் மடிக்கணினியை மூடினார். திருத்தம் அன்றே கையேட்டில் ஏறியது. இப்போது அந்தக் கையேட்டுக்குப் பொறுப்பு செண்பகவல்லி. கோதண்டம் அனுப்பும் திருத்தங்களையும் அவள்தான் பார்த்து ஏற்றுகிறாள்.