முதுகைக் காட்டிய மந்தி

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. மாலையானால் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றன் முதுகில் மற்றொன்று பேன் பார்க்கும். ஆனால் துடுக்கி என்ற குட்டி மந்தி மரத்தில் முதுகைச் சாய்த்தபடியே இருக்கும். அது அம்மாவின் கட்டளை.

"உன் முதுகெலும்பு வளைவது தெரிந்தால் மானம் போய்விடும்! வளர வளரத் தானாக நிமிரும். வாயைத் திறக்காதே!"

துடுக்கிக்கு ஆத்திரமாக வந்தது. கோடையில் இக்கரையில் ஓர் இலைகூட மிஞ்சாது. அக்கரை அத்திமரங்களுக்குத் தாவியாக வேண்டும். குட்டிகளைத் தாய் சுமக்கும். வளர்ந்த பிறகு யார் சுமப்பார்கள்? முதுகு கோணிப்போனால் தாவவும் முடியாதே! மானத்தைத் தின்று பசியாற முடியுமா?

அன்று மாலை அது கூட்டத்தின் நடுவே போய் நின்றது.

"எல்லோரும் பாருங்கள்! என் முதுகு கோணல்!" என்று கத்திவிட்டுக் குனிந்தது. ஒரு பக்க விலா மேடாகத் துருத்தியது.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டது. கூட்டத் தலைவரின் மகன் மிடுக்கன், தானும் மரத்தில் சாய்ந்தபடியே, விழுந்து விழுந்து சிரித்தது.

துடுக்கி நேரே கரடி வைத்தியரிடம் போனது.

"நல்ல வேளை, வளரும்போதே வந்தாய்!" என்றார் வைத்தியர். "மூங்கில் பட்டை கட்டுகிறேன். வளைவு மேலும் கூடாமல் பிடித்து நிறுத்தும். வளர்ந்து முடியும்வரை கட்டியிருக்க வேண்டும். அரிக்கும். கேலியும் செய்வார்கள்."

"செய்யட்டும்! இறுக்கிக் கட்டுங்கள்!"

பட்டை கட்டி வந்த துடுக்கியைப் பார்த்து, "நடக்கிற கூடை!" என்று மிடுக்கன் கத்தியது.

"கூடைதான்! உனக்கென்ன வந்தது?" என்று துடுக்கி திருப்பிக் கொடுத்தது.

குட்டிகள் வளர்ந்தன. துடுக்கியின் பட்டையைக் கழற்றியபோது முதுகில் லேசான வளைவு இருந்தது. இருந்தால் என்ன? அந்தக் கோடையில் அது ஒரே தாவலில் அக்கரை சேர்ந்தது!

மிடுக்கன் தாவ முடியாமல் இக்கரையிலேயே நின்றது. அதன் முதுகு ஒரேயடியாகக் கோணியிருந்தது. அப்பாவுக்குப் பயந்து அதுவும் இத்தனை நாள் மறைத்திருந்தது. வைத்தியர் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

"எலும்பு முற்றிவிட்டது, தம்பி. இனி மூங்கில் பட்டையால் பயனில்லை. அன்றைக்கே வந்திருக்கலாமே!"

மிடுக்கன் அழுதது. துடுக்கி அத்திப்பழங்களோடு திரும்பி வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்து உறுமியது.

"இனி எந்தக் குட்டியும் மரத்தில் சாயக் கூடாது! எல்லோரும் குனியுங்கள், பார்க்கிறேன்!"

தலைவரே குட்டிகளை வரிசையாக நிறுத்தினார்.

உடம்பில் குறை தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே துணிந்து காட்டினால்தான் வைத்தியம் முழுப் பலன் தரும்.